ஈரக்கால் தடமும் எடை மெஷினும்

சென்ற இதழில் குதிகால் வலி பற்றி ஒருவருக்குப் பதில் எழுதும்போது, போகிற போக்கில் "குண்டான பிள்ளைகளுக்குப் பாதம் தட்டையாக இருப்பது அதிகம்" என்று ஒரு வரி எழுதிவிட்டேன். அந்த ஒரு வரிக்கு வந்த கடிதங்களை ஆசிரியர் துணிப்பையில் போட்டு அனுப்பியிருக்கிறார். சிலர் பிள்ளையின் காலை மையில் தோய்த்துத் தாளில் பதித்தே அனுப்பிவிட்டார்கள். ஒரு தாளில் மஞ்சள் கரைத்துப் பதித்திருந்தது. ஏதோ காதுகுத்துப் பத்திரிகை என்றுதான் முதலில் நினைத்தேன். சரி, இந்த மாதம் முழுக்கக் கால்தான். மற்ற கேள்விகள் அடுத்த முறை.

கேள்வி: என் மகன் மூன்றாம் வகுப்பு படிக்கிறான். 8 வயது. எடை 41 கிலோ, உயரம் 128 செ.மீ. குளித்துவிட்டு ஈரக்காலோடு நடந்தால் நடுவில் வளைவே இல்லாமல் முழுப் பாதமும் தரையில் பதிகிறது. செருப்பின் உள்பக்கம் சீக்கிரம் தேய்கிறது. விளையாடிவிட்டு வந்தால் சில நாள் ராத்திரி கால் வலிக்கிறது என்று பிடித்துவிடச் சொல்கிறான். எடையால் இப்படி ஆனதா, பிறவியா? ஷூ கடையில் ஒரு மெஷினில் ஏற்றிப் பார்த்துவிட்டு, ஷூவுக்குள் வைக்கும் அட்டை ஜோடி 4,500 ரூபாய், வைக்காவிட்டால் முதுகெலும்பு வளைந்துவிடும் என்கிறார்கள். பள்ளிக்கூடத்தில் பி.டி. மாஸ்டர் இவனை ஓடவிடாமல் ஸ்கோர் எழுத உட்கார வைத்துவிடுகிறார். மூன்று வேளைச் சாப்பாடு போக, இரண்டு டம்ளர் பால் சத்துமாவு டப்பா போட்டுக் கொடுக்கிறேன். டியூஷன் போகும்போது ஏதாவது பாக்கெட் வாங்கிக்கொள்வான். வேறு எதுவும் அதிகம் சாப்பிடுவதில்லை. — ஒரு தாய், ராஜபாளையம்

பதில்: அம்மா, முதுகெலும்பு வளையாது. இதை முதலில் சொன்னால்தான் மீதியை நீங்கள் நிதானமாகப் படிப்பீர்கள்.

இன்று சாயங்காலம் பையனைச் செருப்பில்லாமல் சுவரைப் பார்த்து நிற்கவைத்து, நீங்கள் அவனுக்குப் பின்னால் தரையில் உட்காருங்கள். அவன் சும்மா நிற்கும்போது குதிகால்கள் வெளிப்பக்கம் சாய்ந்தும், கணுக்காலின் உள்பக்கம் தரையை நோக்கிச் சரிந்தும் தெரியும். இப்போது சுவரில் கை ஊன்றி நுனிக்காலில் எழும்பச் சொல்லுங்கள். காணாமல் போன வளைவு எழும்பி வந்து, குதிகாலும் உள்பக்கம் திரும்பினால் அது நெகிழ்வான தட்டைப் பாதம். தட்டைக்கால் என்று என்னிடம் கூட்டிவரும் பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு இதுதான். நுனிக்காலில் நின்றும் பாதம் பலகை மாதிரி விறைத்தே இருந்தால், அல்லது ஒரு கால் மட்டும் தட்டையாக இருந்தால், அது வேறு கதை. பாதத்து எலும்புகள் இரண்டு பிறவியிலேயே ஒட்டியிருக்கலாம். அப்படியென்றால் எலும்பு டாக்டரிடம் காட்டி எக்ஸ்ரே எடுங்கள்.

இன்னொன்றும் பாருங்கள். அவன் நின்றுகொண்டிருக்கும்போதே பெருவிரலை மட்டும் உங்கள் கையால் மேலே தூக்குங்கள். குதிகாலிலிருந்து விரல்வரை உள்ளங்காலில் ஒரு நார்ப்பட்டை ஓடுகிறது. விரலைத் தூக்கினால், கிணற்று உருளையில் கயிறு சுற்றிக்கொள்வது போல அது விரல்மூட்டைச் சுற்றி இறுகி, வளைவை மேலே இழுத்துவிடும். இதைச் செய்து காட்டினால் அப்பாக்கள் ஆச்சரியப்படுவார்கள். அம்மாக்களுக்கு அப்போதும் சந்தேகம் தீராது.

இனி எடைக்கு வருவோம். ஒரு பாதத்தில் 26 எலும்புகள். அவற்றை வில் மாதிரி நிறுத்தி வைத்திருப்பது எலும்புகளின் அமைப்பு மட்டுமல்ல, அவற்றைப் பிணைக்கும் நார்களும், உள் கணுக்காலுக்குப் பின்னால் திரும்பி வந்து பாதத்தைத் தூக்கிப் பிடிக்கும் தசைநாணும்தான். கயிற்றுக் கட்டிலை நினைத்துக்கொள்ளுங்கள். சின்னப் பையன் உட்கார்ந்தால் லேசாக இறங்கும். பெரியப்பா உட்கார்ந்தால் தரையைத் தொடும், எழுந்தால் மேலே வந்துவிடும். தினமும் பெரியப்பாவே உட்கார்ந்திருந்தால், எழுந்த பிறகும் கொஞ்சம் தொய்வு நின்றுவிடும். பிள்ளைகளின் நார்களோ இன்னும் முறுக்கேறாத கயிறு. அந்த வில்லின் உச்சியில் படகு வடிவத்தில் ஓர் எலும்பு இருக்கிறது. பிறக்கும்போது அது வெறும் குருத்தெலும்பு. எலும்பாக மாறத் தொடங்கவே இரண்டு, மூன்று வயதாகிவிடும்.

ஆஸ்திரியாவில் 3 முதல் 6 வயதுவரையுள்ள 835 பிள்ளைகளின் பாதங்களை அளந்து 2006-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். சரியான எடையுள்ள பிள்ளைகளில் 42 சதவீதம் பேருக்குத் தட்டைப் பாதம். எடை சற்றுக் கூடியவர்களில் 51 சதவீதம். உடற்பருமன் உள்ளவர்களில் 62. படிப்படியாக ஏறுகிறது அல்லவா? உங்கள் கேள்விக்குப் பதில் இதுதான், எடைக்கும் பாதத்துக்கும் தொடர்பு உண்டு. ஆனால் அதே ஆய்வில் முதல் எண்ணையும் பாருங்கள். ஒல்லியான, சரியான எடையுள்ள பிள்ளைகளிலும் பத்தில் நாலு பேருக்குத் தட்டைதான். எல்லா எடைக்காரர்களையும் சேர்த்துப் பார்த்தால் மூன்று வயதில் 54 சதவீதம், ஆறு வயதில் 24. வயது ஏற ஏறத் தானாகவே வளைவு வந்துவிடுகிறது. அந்த 835 பேரில் உண்மையிலேயே கோளாறான பாதம் நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை. ஆனால் ஷூவுக்குள் அட்டை வைத்துக்கொண்டிருந்தவர்கள் பத்து சதவீதம்! வியாபாரம் எல்லா ஊரிலும் ஒன்றுதான்.

இதில் ஒரு சுவையான சண்டை உண்டு. குண்டுப் பிள்ளையின் பாதம் நிஜமாகவே தட்டையா, அல்லது உள்ளங்காலில் கொழுப்பு மெத்தை தடித்திருப்பதால் தடம் மட்டும் முழுசாகப் பதிகிறதா? ஆஸ்திரேலியாவில் வொலாங்காங் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் இதை ஸ்கேன் வைத்தே பார்த்தார்கள். 2006-ல் சின்னப் பிள்ளைகளைப் பார்த்தபோது, மெத்தையில் பெரிய வித்தியாசம் இல்லை, வளைவுதான் இறங்கியிருக்கிறது என்றார்கள். 2011-ல் பள்ளிக்கூடப் பிள்ளைகளைப் பார்த்துவிட்டு, இரண்டும் உண்டு, மெத்தையும் தடிப்பு, வளைவும் தாழ்வு என்றார்கள். ஆகவே ஈரக்கால் தடத்தை மட்டும் வைத்து முடிவுகட்ட வேண்டாம். தடத்தில் பாதி சதையாகவும் இருக்கலாம்.

4,500 ரூபாய் அட்டைக்கு வருகிறேன். அதற்கு முன் நான் ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். 1980-களின் நடுவில் எலும்பு டாக்டராகப் புதிதாக உட்கார்ந்த காலத்தில் நானும் பிள்ளைகளுக்கு 'சிறப்பு பூட்ஸ்' எழுதித் தள்ளினேன். உள்பக்கம் குதியைக் கொஞ்சம் நீட்டி, நடுவில் வளைவு வைத்து, கணுக்கால் மூடுகிற மாதிரி தோல் பூட்ஸ். எங்களுக்கு அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்கள். ஆஸ்பத்திரிக்கு எதிரே ஒரு பெரியவர் தைத்துக் கொடுப்பார். சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து ஒரு பையன். அவன் அம்மா பூட்ஸுக்காகத் தோட்டை அடகு வைத்தது எனக்கு அப்போது தெரியாது. இரண்டு வருஷம் கழித்து வந்தார்கள். கால் அருமையாக வளைந்திருந்தது. அந்த அம்மா என் காலில் விழாத குறை. நானும் பெருமையாகத்தான் சிரித்தேன். எக்ஸ்ரே எடுக்கத் தனியாகக் கூட்டிப்போனபோது பையன் மெதுவாகச் சொன்னான்: "சார், அம்மாகிட்ட சொல்லிராதீங்க. தினமும் வைக்கப்படப்புல ஒளிச்சு வச்சுட்டு வெறுங்காலோடதான் பள்ளிக்கூடம் போனேன்."

அமெரிக்காவில் இதையே முறைப்படி செய்து 1989-ல் வெளியிட்டார்கள். நெகிழ்வான தட்டைப் பாதம் உள்ள சிறு பிள்ளைகள் 129 பேரைக் குழுக்களாகப் பிரித்து, சிலருக்குச் சிறப்பு பூட்ஸ், சிலருக்கு அட்டை, சிலருக்கு ஒன்றுமே இல்லை என்று மூன்று வருஷம் பார்த்தார்கள். எல்லாக் குழுவிலும் பாதம் ஒரே அளவில்தான் தேறியது. அதைப் படித்த பிறகு பூட்ஸ் எழுதுவதை நிறுத்தினேன். வைக்கப்படப்புப் பையன் எனக்கு முன்பே கண்டுபிடித்துவிட்டான்.

அதற்காக அட்டையே வேண்டாம் என்றும் சொல்லவில்லை. கால் வலிக்கிற பிள்ளைக்கு மெத்தென்ற சாதாரண அட்டை வலியைக் குறைக்கும். வளைவை உண்டாக்காது. கண்ணாடி போட்டால் பார்வை தெளிவதும், கழற்றினால் பழையபடி ஆவதும் போலத்தான். உங்கள் பையனின் ராத்திரி வலி இரண்டு காலிலும், ஆடிய நாளில் மட்டும், பிடித்துவிட்டால் போகிற வலியாக இருந்தால் அது அசதி. ஒரே இடத்தில் வலி, வீக்கம், காலையில் எழுந்ததும் நொண்டல் என்றால் மட்டும் டாக்டரிடம் போங்கள்.

இப்போது நீங்கள் கேட்காத ஒன்று. 41 கிலோவை மீட்டரில் உயரமான 1.28-ஆல் இரண்டு தடவை வகுத்தால் 25. உயரத்துக்கு எடை சரியா என்று பார்க்கும் பி.எம்.ஐ. கணக்கு இது. பெரியவர்களுக்கு 25 என்பது சற்றே கூடுதல், பலர் கண்டுகொள்ளவே மாட்டார்கள். எட்டு வயதுக்கு அது உடற்பருமன். பிள்ளைகளுக்கு வயதை வைத்து அட்டவணை பார்க்க வேண்டும். இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2015-ல் நம் பிள்ளைகளுக்கென்றே ஒன்று போட்டிருக்கிறது. தடுப்பூசி போட்ட டாக்டரிடமே கேளுங்கள், காட்டுவார்.

பயப்பட வேண்டாம். எட்டு வயதுப் பிள்ளையைப் பட்டினி போட்டு இளைக்கவைக்க வேண்டிய அவசியமே இல்லை. இந்த வயதில் வருஷத்துக்கு 5, 6 செ.மீ. உயர்வார்கள். எடையை இப்போது இருக்கிற இடத்திலேயே நிறுத்திவைத்தால் போதும். இரண்டரை வருஷத்தில் 142 செ.மீ. ஆகிவிடுவான், அப்போதும் 41 கிலோ என்றால் அந்த 25 தானாக 20-க்கு வந்துவிடும்.

எதை நிறுத்துவது? "வேறு எதுவும் அதிகம் சாப்பிடுவதில்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். எல்லாத் தாய்மாரும் இந்த ஒரு வாக்கியத்தைக் கட்டாயம் எழுதுகிறார்கள். பாலில் போடும் அந்த டப்பாவைத் திருப்பி, சர்க்கரை எத்தனை கிராம் என்று சின்ன எழுத்தில் இருப்பதைப் படியுங்கள். இவற்றை 'ஆரோக்கிய பானம்' என்ற தலைப்பில் விற்க வேண்டாமென்று ஆன்லைன் கடைகளுக்கு மத்திய அரசு 2024-ல் சொல்லியாகிவிட்டது. டப்பாவை நிறுத்தி வெறும் பால் ஒரு டம்ளர் கொடுங்கள், கேட்டால் ஒரு ஸ்பூன் சர்க்கரை போடுங்கள். டியூஷன் வழியில் வாங்கும் பாக்கெட்டுக்குக் கொடுக்கும் பத்து ரூபாயை நிறுத்திவிட்டு வீட்டிலிருந்து வேர்க்கடலையோ சுண்டலோ கட்டிக் கொடுங்கள். இரண்டு மாதத்துக்கு இந்த இரண்டும் போதும். ஒரே நாளில் பத்துச் சட்டம் போட்டால் பதினோராவது நாள் எல்லாம் பழையபடி ஆகிவிடும்.

பி.டி. மாஸ்டருக்கு ஒரு கடிதம் எழுதி, இந்தப் பக்கத்தையும் வெட்டி ஒட்டிக் கொடுங்கள். ஐந்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகள் தினம் சராசரி ஒரு மணி நேரம் மூச்சு வாங்க ஆட வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. எடை கூடிய பிள்ளைக்கு ஓடினால் கால் வலிக்கும், வலித்தால் உட்காரும், உட்கார்ந்தால் எடை ஏறும், ஏறினால் இன்னும் வலிக்கும். அந்த வட்டத்துக்குள் ஸ்கோர் நோட்டையும் கொடுத்து உட்காரவைப்பது என்ன நியாயம்? ஓட்டப்பந்தயத்தில் முதலில் வர வேண்டாம், கடைசியாக வந்தாலும் ஓடட்டும். நீச்சலும் சைக்கிளும் இன்னும் நல்லது, பாதத்தில் பாரம் குறைவு. கண்மாய் மணலில் வெறுங்காலோடு ஆடினால் பாதத்துக்குள் இருக்கும் சின்னத் தசைகளுக்கு வேலை கிடைக்கும். கெண்டைக்கால் இறுகியிருக்கிறதா என்றும் பாருங்கள். முழங்காலை நீட்டியபடி பாதத்தை முகத்தை நோக்கி மடக்க முடியாமல் திணறினால், சுவரில் கை ஊன்றிக் குதிகாலைத் தரையில் அழுத்தி, இருபது எண்ணும்வரை நிற்கும் பயிற்சியைத் தினம் மூன்று தடவை செய்யட்டும். இறுகிய கெண்டைக்கால் பாதத்தை இன்னும் தட்டையாக அழுத்தும்.

கேள்வி: என் மகளுக்கு 1 வயது 10 மாதம், 14 கிலோ. பாதம் இட்லி மாதிரி உப்பலாக, வளைவே இல்லாமல் இருக்கிறது. கால் உறுதியாக வளர வேண்டுமென்று வீட்டுக்குள்ளும் ஷூ போட்டுவிடுகிறோம். போதுமா? — ஒரு தந்தை, ஓசூர்

பதில்: கழற்றுங்கள். இரண்டு வயதில் இட்லியாக இல்லாவிட்டால்தான் நான் கவலைப்படுவேன். அந்த வயதில் எல்லாப் பிள்ளைக்கும் உள்ளங்காலில் கொழுப்பு மெத்தை உண்டு. வளைவு முழுசாகத் தெரிய பத்து வயதுவரைகூட ஆகும். கர்நாடகத்து எலும்பு டாக்டர்கள் இருவர் 4 முதல் 13 வயதுவரையுள்ள 2,300 பிள்ளைகளின் கால்தடங்களைப் பதித்துப் பார்த்து 1992-ல் வெளியிட்டார்கள். ஷூ போட்டு வளர்ந்தவர்களில் 8.6 சதவீதம் பேருக்குத் தட்டைப் பாதம். வெறுங்காலோடு வளர்ந்தவர்களில் 2.8 தான். விரலை மூடும் ஷூ போட்டவர்களுக்கு அதிகம், செருப்பு போட்டவர்களுக்குக் குறைவு. 1995-ல் பெரியவர்கள் 1,846 பேரைப் பார்த்தபோதும் அதே கதைதான். சின்ன வயதிலேயே ஷூவுக்குள் போன கால்களிலும், எடை கூடிய உடம்புகளிலும், மூட்டு நார் தளர்ந்தவர்களிலும் தட்டை அதிகம். நம் நாட்டு ஆய்வு, உலகம் முழுக்க எடுத்துக்காட்டுகிறார்கள். நாம் மட்டும் பிள்ளைக்கு ஷூ வாங்க ஓடுகிறோம்.

வீட்டிலும் மொட்டை மாடியிலும் வெறுங்கால். வெளியே கல், முள், அசுத்தம் உண்டு. அங்கே பின்வார் வைத்த செருப்பு. எடை 14 கிலோ என்பது இந்த வயதுக்குக் கூடுதல்தான். பாட்டில் பாலும் பிஸ்கட்டும் எவ்வளவு போகிறது என்று ஒரு வாரம் எழுதிப் பாருங்கள்.

கேள்வி: என் மகனுக்கு 12 வயது, 71 கிலோ. மூன்று வாரமாக இடது முழங்கால் வலி, நொண்டுகிறான். நிற்கும்போது அந்தப் பாதம் வெளிப்பக்கம் திரும்பியிருக்கிறது. முழங்காலுக்கு எக்ஸ்ரே எடுத்தோம், ஒன்றுமில்லை என்றார்கள். தட்டைக்கால் என்பதால் வலி என்று பக்கத்தில் ஒருவர் சொல்லி, எண்ணெய் போட்டு நீவிவிடுகிறோம். சரியாகுமா? — ஒரு தாய், திண்டுக்கல் மாவட்டம்

பதில்: இது பத்திரிகையில் பதில் வரும்வரை காத்திருக்க வேண்டிய கடிதமே அல்ல. படித்த அன்றே ஆசிரியர் மூலம் இவர்களோடு பேசிவிட்டேன். மற்றவர்களுக்காக இங்கே அச்சிடுகிறேன்.

எடை கூடிய, பத்து முதல் பதினாறு வயதுவரையுள்ள பிள்ளை முழங்கால் வலி, தொடை வலி என்று நொண்டினால், பாதத்தைப் பார்க்காதீர்கள், முழங்காலையும் பார்க்காதீர்கள். இடுப்பைப் பாருங்கள். தொடை எலும்பின் மேல் முனையில் ஒரு பந்து இருக்கிறது. அந்தப் பந்துக்கும் எலும்புக்கும் நடுவில் மெல்லிய வளர்ச்சித் தட்டு. வேகமாக வளரும் வயதில் அது பலவீனமாக இருக்கும். உடம்பு பாரமும் சேர்ந்தால், பானை மூடி நழுவுவது போலப் பந்து அந்த இடத்தில் நழுவும். இடுப்புக்கும் முழங்காலுக்கும் நரம்பு பொதுவாக இருப்பதால் பிள்ளை முழங்காலைத்தான் காட்டும். முழங்கால் எக்ஸ்ரே சுத்தமாக இருக்கும், எல்லோரும் நிம்மதியாகிவிடுவோம். பாதம் வெளிப்பக்கம் திரும்பியிருப்பதுதான் அடையாளம்.

எண்ணெய் நீவுவதை நிறுத்த வேண்டும். பிள்ளையை நடக்கவிடாமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போய், இரண்டு இடுப்பும் தெரிய நேராகவும் பக்கவாட்டிலும் எக்ஸ்ரே எடுக்க வேண்டும். நழுவியிருந்தால் மேலும் நழுவாமல் ஒரு திருகாணி போட்டு நிறுத்துவார்கள். சீக்கிரம் போட்டால் பிள்ளை பழையபடி ஓடும். தாமதமானால் பந்துக்குப் போகும் ரத்தம் நின்று மூட்டே வீணாகலாம். மறுபக்கமும் நழுவும் வாய்ப்பு உண்டு, அதையும் கண்காணிக்க வேண்டும்.

கேள்வி: என் தங்கை மகளுக்கு 13 வயது, கொஞ்சம் பூசினாற்போல் உடம்பு. அவளுக்குத் தட்டைப் பாதம். தட்டைப் பாதமுள்ள பெண் போகிற வீடு விளங்காது என்று சம்பந்தி வீட்டுப் பாட்டி சொல்லிவிட்டார். தங்கை அழுகிறாள். ஆபரேஷன் செய்து வளைவு வரவைக்க முடியுமா? — ஒரு பெரியம்மா, கும்பகோணம்

பதில்: என் பாதங்கள் இரண்டும் தட்டை. இந்தக் கால்களை ஊன்றித்தான் நாற்பது வருஷம் ஆபரேஷன் தியேட்டரில் நின்றேன், சில நாள் எட்டு மணி நேரம். என் அம்மாவுக்கும் தட்டை. அவர் போன வீடு நன்றாகத்தான் விளங்கியது, நானே சாட்சி.

வலியில்லாத நெகிழ்வான பாதத்தில் கத்தி வைக்க எந்த நல்ல டாக்டரும் ஒப்புக்கொள்ள மாட்டார். அந்தப் பெண்ணின் கட்டைவிரலை மணிக்கட்டுப் பக்கம் மடக்கிப் பாருங்கள், முன்கையைத் தொட்டால் அவளுக்கு நார்கள் இயல்பிலேயே தளர்ச்சி. அது குடும்ப வழி வருவது, தங்கைக்கும் இருக்கலாம். எடையும் ஒரு பங்கு சேர்த்திருக்கும். பதின்மூன்று வயதுப் பெண்ணின் உடம்பைக் கூடத்தில் உட்கார்ந்து நாலு பேர் அலசினால் அவள் சாப்பாட்டைக் குறைக்கமாட்டாள், ஒளித்துச் சாப்பிடக் கற்றுக்கொள்வாள். நான் பார்த்திருக்கிறேன். பெரியம்மா என்ற முறையில் நீங்கள் ஒன்று செய்யலாம். தினம் சாயங்காலம் அவளைக் கூட்டிக்கொண்டு மகாமகக் குளத்தைச் சுற்றி நடங்கள், நாலு சுற்று. உங்களுக்கும் சர்க்கரை இருப்பதாக எழுதியிருக்கிறீர்களே. பாதத்தைப் பற்றி அந்த நாலு சுற்றிலும் ஒரு வார்த்தை வேண்டாம்.

கேள்வி: வயது 17, உயரம் 172 செ.மீ., எடை 92 கிலோ. ராணுவத்தில் சேர ஆசை. தட்டைக்கால் என்றால் எடுக்கவே மாட்டார்களாமே? கால் எலும்புக்கு நடுவில் ஒரு சின்ன உலோகத் துண்டு வைத்தால் வளைவு வந்துவிடும், ஏற்பாடு செய்து தருகிறேன் என்கிறார் ஒருவர். — ஒரு மாணவன், தேனி

பதில்: தம்பி, அந்த ஒருவரிடம் பணம் கொடுத்துவிடாதே. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு, 1947-ல், ஹாரிஸ், பீத் என்ற இரண்டு கனடா டாக்டர்கள் தங்கள் நாட்டுச் சிப்பாய்கள் 3,600-க்கு மேற்பட்டவர்களின் பாதங்களை அளந்து வெளியிட்டார்கள். வளைவு தாழ்ந்திருப்பது மட்டும் ஒரு சிப்பாயை முடக்குவதில்லை என்று கண்டார்கள். கெண்டைக்கால் நாண் இறுகியவர்களும் எலும்பு ஒட்டி விறைத்த பாதக்காரர்களும்தான் தடுமாறினார்கள். நம் ராணுவத்தின் மருத்துவ விதியிலும், நுனிக்காலில் நிற்கும்போது வளைவு திரும்ப வந்து, நுனிக்காலில் நன்றாகக் குதித்து ஓடவும் முடிந்து, பாதம் நெகிழ்வாக வலியில்லாமல் இருந்தால் ஏற்கலாம் என்றுதான் இருக்கிறது. பார்த்துச் சொல்லும் அதிகாரம் அங்கே இருக்கும் மருத்துவ அதிகாரிக்கு.

உன் தடை பாதம் அல்ல, 92. கண்ணை மூடிக்கொண்டு ஆறு மாதத்தில் குறைக்கப் பார்க்காதே. முதல் மாதம் நடை மட்டும், அப்புறம் நடையும் ஓட்டமும் கலந்து. ஓடும்போது ஒவ்வொரு அடியிலும் உடம்பு எடையைப் போல இரண்டு மூன்று மடங்கு பாரம் காலில் இறங்குகிறது. 92-ஐ மூன்றால் பெருக்கிப் பார், முதல் நாளே ஐந்து கிலோமீட்டர் ஓடினால் ஏன் முழங்கால் வீங்குகிறது என்று புரியும். ராத்திரி பரோட்டாவை வாரத்துக்கு ஒரு நாளாக்கு. பாட்டில் குளிர்பானத்தை விட்டுவிடு.

கேள்வி: டாக்டர் தாத்தா, எனக்கு 11 வயசு. 52 கிலோ. எனக்குத் தட்டைக்கால். கபடி ஆடினா கால் நோகும்னு எங்க அம்மா விட மாட்டேங்கிறாங்க. நோகவே இல்ல. நான் ஆடலாமா? (இந்தக் கடிதம் எழுதினது அம்மாவுக்குத் தெரியாது.) — ஊர் பெயர் போட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்

பதில்: ஆடலாம்டா கண்ணா. முதலில் ஒரு காலில் நின்று, சுவரைத் தொட்டுக்கொண்டு, அதே காலின் நுனியில் இருபத்தைந்து தடவை எழும்பி இறங்கு. அடுத்த காலிலும் செய். முதல் நாள் பத்துதான் வரும், பரவாயில்லை, தினம் ஒன்று கூட்டு. அம்மாவைப் பின்னால் உட்காரவைத்து, நீ எழும்பும்போது வளைவு வருவதைக் காட்டு. இந்தப் பக்கத்தையும் அவரிடம் கொடு, கடிதம் எழுதியதற்கு நான் திட்ட வேண்டாமென்று சொன்னதாகச் சொல். கபடியில் கனமான பையன் ஓரத்தில் நின்று காலைப் பிடித்தால் ஒருத்தன் தப்ப முடியாது, இது உன் டீம் அண்ணன்களுக்கும் தெரியும். மண் தரையில் ஆடு, சிமென்ட்டில் வேண்டாம். முழங்காலோ தொடையோ வலித்து நொண்ட வேண்டியிருந்தால் மட்டும் மறைக்காமல் அன்றைக்கே அம்மாவிடம் சொல்லிவிட வேண்டும், அது ஒன்றுதான் கட்டளை. பள்ளிக்கூடத்தில் இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை உயரம் குறித்து வை. ரெண்டு மாதம் கழித்து எத்தனை பேரைப் பிடித்தாய் என்று எனக்கு எழுது.